தண்ணி அணில் கட்டிய வீடு

1

இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக் கூடாது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. துணி தோய்க்கிற இயந்திரத்தைப் போடக் கூடாது. வெறும் போத்தலைக் கொண்டுபோய்த் தெருமுனைத் தொட்டியில் போட்டால்கூட மேல்வீட்டு அம்மா யன்னலைத் திறந்து பார்ப்பார். சுவிசுக்கு வந்த புதிதில் இதெல்லாம் எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது இல்லை. கிழமை முழுக்க ஒரு முதியோர் இல்லத்தில் மற்றவர்களின் படுக்கை விரிப்புகளைத் தோய்த்து மடிக்கிற ஆளுக்கு, ஒரு நாளாவது தோய்க்கக் கூடாது என்று அரசாங்கமே சொல்வது பெரிய உபகாரம்.

அந்தக் காலையில் நான் சிறுவர் தொலைக்காட்சி பார்ப்பேன். ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் சிரிப்பீர்கள், தலை நரைத்த மனிசன் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்து கார்ட்டூன் பார்க்கிறானாம் என்று. சிரியுங்கள். இவ்வளவு காலமாகச் செய்தி பார்த்து என்னத்தைக் கண்டோம்? கார்ட்டூனில் கால் மணித்தியாலத்தில் ஒரு பிரச்சினை தொடங்கி முடிந்துவிடும். என் வயதுக்கு அது போதும்.

நான் பார்ப்பது ஒரு குளத்தைப் பற்றிய கதை. பீவர் என்கிற மிருகத்தின் குடும்பம் ஒன்று அதில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் இல்லாத மிருகம். பல்லால் மரத்தை அறுத்து விழுத்தி, தண்ணீருக்குள்ளேயே வீடு கட்டும். ஒவ்வொரு கிழமையும் ஒரு புத்தி சொல்வார்கள், ஆனால் விரலை ஆட்டிச் சொல்லமாட்டார்கள். பிழை விட்டவனுக்கு அடி விழாது. அவன் தானாக யோசித்துத் தானாகத் திரும்பி வருவான். அந்தக் குளத்துக்கு அரசாங்க அலுவலகம் மாதிரி ஒரு கந்தோரும் உண்டு, அதில் கண்ணாடி போட்ட ஒரு தவளை. குளத்தைக் கடக்க வருகிறவர்களிடம் ஒரு இலை கேட்கும். இலையைக் கொடுத்தால், இது உண்மையான இலைதான் என்று உறுதிப்படுத்த இன்னொரு இலை கேட்கும். வதிவிட அனுமதிக்காக வரிசையில் நின்று நரை வந்த எனக்கு அந்தத் தவளையைக் கண்டால் சிரிப்பை அடக்க ஏலாது. என் மகள் ஆரணி சின்ன வயதில் என்னைத் திரும்பிப் பார்ப்பாள், இதில் என்ன சிரிப்பு என்று. தவளையைப் பெற்றோருக்கென்றே வைத்திருக்கிறார்கள். பிள்ளையோடு கூட இருந்து பார்க்கிற களைத்த சனத்தையும் யாரோ ஒருவர் நினைத்துப் பார்த்திருக்கிறார்.

2

ஆரணிக்காகத்தான் நான் அந்தக் குளத்துக்குள் இறங்கினேன். அவள் தவழ்ந்த காலத்தில் தொலைக்காட்சிக்கு முன்னால் மடியில் வைத்துக்கொண்டு இருப்பேன். எனக்குத் தெரிந்த டொச்சு, அதாவது ஜெர்மன் மொழியில் பாதி அங்கிருந்து வந்தது. அதனால் வந்த வினையும் உண்டு. ஒருமுறை மேலாளரிடம் லீவு கேட்டபோது, குட்டி மிருகம் தாயிடம் கெஞ்சுகிற மாதிரியே கேட்டுவிட்டேனாம். அந்த மனுசி சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. லீவு கிடைத்தது.

இப்போது ஆரணி வளர்ந்துவிட்டாள். கார்ட்டூன் அவளுக்குச் சின்னப்பிள்ளை விளையாட்டு. காதில் எதையாவது மாட்டிக்கொண்டு ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போவாள். என்னோடு கதைக்கும்போது அவளுடைய தமிழில் மூன்று ஊர் இருக்கும். சொல்லில் பாதி என்னுடைய மட்டக்களப்பு, 'பிறகு' என்பதற்கு 'மறுகா' என்பாள். மீதி சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் யாழ்ப்பாணத்து ஆசிரியர் கொடுத்தது. வசனம் போகிற போக்கு டொச்சு. என்னை 'நீ' என்பாள். முந்தித் திருத்தினேன். பிறகு, கதைக்கிறாளே, அதுவே காணும் என்று விட்டுவிட்டேன்.

அவள் விட்ட இடத்தில் இன்னொரு பிள்ளை வந்து இருந்தாள். என் தங்கை மலரின் மகள் கிருத்தி. மட்டக்களப்புக்குப் பக்கத்தில் செங்கலடியில் இருக்கிறாள், ஏழு வயது. மலர் குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்குப் போனபோது பிள்ளைக்கு ஐந்து. தகப்பன், என் மச்சான், பதுளை வீதியில் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தொலைபேசியில் எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுப்பார். சாப்பிட்டியா என்று கேட்பேன். ஓம். பள்ளிக்குப் போனியா? ஓம். அதற்குமேல் இரண்டு பேருக்கும் ஒன்றும் இருக்காது.

ஒருநாள் பின்னால் கார்ட்டூன் பாட்டு ஓடியது. "அது என்ன மாமா?" என்றாள். தொலைபேசியைத் தொலைக்காட்சிப் பக்கம் திருப்பிப் பிடித்தேன். "என்ன கதைக்குதுகள்? சொல்லுங்களன்."

அன்றையிலிருந்து நான் மொழிபெயர்ப்பாளன். பீவர் என்றால் அவளுக்குத் தெரியாது. தண்ணி அணில் என்று சொல்லிவைத்தேன். குட்டிக்குக் குஞ்சு என்று பெயர். டொச்சில் குஞ்சு அந்தத் தவளையைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடும். பெரியவரைப் பெயர் சொல்வது என் வாயில் வராது. தவளை மாமா ஆகிவிட்டார். பக்கத்து வளவு நீர்க்கோழி மாமி. கொஞ்ச நாளில் குளம் முழுக்க எங்கள் சொந்தக்காரர் ஆகிவிட்டார்கள். பிரச்சினை என்னவென்றால், ஒரு நாள் தவளை குஞ்சிடம் மன்னிப்புக் கேட்டது. டொச்சில் அது சும்மா ஒரு சொல். மாமா மருமகனிடம் மன்னிப்புக் கேட்பதை நான் எங்கே கண்டேன்? கடைசியில், "மாமா சொல்றார், நான் செஞ்சது பிழைதான் மனே, வா, வந்து சாப்பிடு" என்று சொல்லி ஒப்பேற்றினேன். கிருத்தி அதை நம்பவில்லை.

"பெரியாக்கள் அப்பிடிச் சொல்ல மாட்டாங்களே."

அவளுக்கு ஞாயிறு காலையில் கோயிலில் அறநெறி வகுப்பு. அது முடிந்து வந்து, வெள்ளைச் சட்டையோடேயே என் குளத்துக்குள் இறங்குவாள். "இண்டைக்கு வகுப்பில சேர் சொன்னவர், பெரியாக்களுக்குத் திருப்பிக் கதைக்கப்படாதாம்" என்பாள். "உங்கட படத்தில எல்லாம் கதைக்குதுகள் மாமா. அதுகளுக்கு அறநெறி இல்லையா?" இல்லை மனே என்று சொன்னேன், எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளையும் மனேதான். அதுகளுக்கு இதுதான் அறநெறி என்று சொல்லியிருக்கலாம். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று ஒரே நாளில் இரண்டு கடையில் சாமான் வாங்குகிற பிள்ளையைக் குழப்ப விருப்பமில்லை.

3

மலர் ஏன் போனாள் என்பதைச் சொல்லவேண்டும். மட்டக்களப்பார் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம், உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் செய்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து இருப்பான். பெண் பிள்ளை பிறந்தால், அது தவழத் தொடங்கும்போதே தாய் சீமெந்துக் கணக்குப் பார்க்கத் தொடங்குவாள். நகை பிறகு, படிப்பு பிறகு, முதலில் அவள் பெயரில் ஒரு வீடு.

மலருக்கு அது கிடைக்கவில்லை. சண்டைக் காலம், அப்பா இல்லை, நான் இங்கே அகதி முகாமில். வளவை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். அதில் ஒரு தகரக் கொட்டில். கலியாணத்தன்று மாப்பிள்ளைப் பக்கத்துப் பெண்கள் உள்ளே வந்து அந்தத் தகரத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை. மச்சானும் நல்ல மனிசன், ஒருநாளும் சொன்னதில்லை. மலர் அந்தப் பார்வையை மறக்கவில்லை. கிருத்தி பிறந்த கிழமை என்னிடம் தொலைபேசியில் சொன்ன முதல் செய்தி, பிள்ளையின் நிறை அல்ல. "இவளுக்கு நான் கல் வீடு கட்டுவன் அண்ணன்" என்றாள்.

இப்போது அந்தக் கொட்டிலுக்கு முன்னால் சுவர் எழும்பி நிற்கிறது. கதவு யன்னலுக்கு மேலே, லிண்டல் மட்டம் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. மேசனும் வேறு வேலைக்குப் போய்விட்டார். மழைக்குப் பாசி பிடித்து, வெயிலுக்குக் காய்ந்து, மறுபடி பாசி பிடிக்கிறது. மச்சான் படம் எடுத்து அனுப்புவார். கூரையில்லாத அறைகளுக்குள் கிருத்தி நின்று சிரிப்பாள். இது என்ட அறை, இது குசினி, இது அம்மாட அறை என்று கையைக் காட்டுவாள்.

மலருடைய இரண்டு வருட ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைப்பதா, வருவதா என்று குவைத் வீட்டார் கேட்டிருக்கிறார்கள். மலர் என்னைக் கேட்டாள். ஒருமுறை அல்ல, எடுக்கிறபோதெல்லாம் கேட்டாள். "நீங்க என்ன சொல்றீங்க அண்ணன்?"

இடையில் அவளை மூன்று மாதம் இங்கே கூப்பிடவும் பார்த்தேன். கொஞ்சம் ஆறியிருந்துவிட்டுப் போகட்டும் என்று. விசாக் கந்தோரில் கேட்ட இலையெல்லாம் கொடுத்தேன். இவர் திரும்பிப் போவார் என்பதற்குப் போதிய உத்தரவாதம் இல்லை என்று பதில் வந்தது. ஊரில் ஒரு பிள்ளை கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது, அதைவிட என்ன உத்தரவாதம் வேண்டும் என்று எழுத நினைத்தேன். களைப்பில் எழுதவில்லை.

மலருக்கு நான் சொன்ன பதில், "யோசிச்சுச் செய் மலர்." அடுத்தமுறையும் அதுதான். வா என்றால் கூரைக்கு என்ன வழி என்று சொல்லவேண்டும். வராதே என்றால் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவேண்டும். யோசிச்சுச் செய் என்பதில் இரண்டும் இல்லை.

4

போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது.

மனைவிக்கு ஞாயிறும் வேலை, விடியவே போய்விட்டாள். ஆரணி குசினி மேசையில் இருந்து ஏதோ தின்றுகொண்டிருந்தாள். நான் தொலைபேசியைத் தொலைக்காட்சிக்கு நேரே நிமிர்த்திவைத்துக் கதை சொல்லத் தொடங்கினேன். அங்கே மத்தியானம். கிருத்திக்குப் பின்னால் மச்சான் ஒரு சைக்கிள் ரியூப்பைத் தண்ணீரில் அமுக்கிக் காற்றுப் போகிற இடம் தேடிக்கொண்டிருந்தார்.

தண்ணி அணில் அம்மா வீட்டில் இன்னொரு அறை சேர்க்கத் தொடங்கினாள். "இது உனக்குத்தான்" என்று குஞ்சிடம் சொன்னாள். நானும் சொன்னேன். பிறகு குளிர்காலத்துக்கு ஒரு அறை. வருகிறவர்களுக்கு ஒரு அறை. மரத்தை அறுக்கிறாள், இழுக்கிறாள், சேறு பூசுகிறாள். குஞ்சு விளையாடக் கூப்பிடுகிறது. "இந்தா, இதை முடிச்சிட்டு வாறன்" என்கிறாள். குஞ்சு ஒரு மிதக்கிற கட்டையில் ஏறித் தனியாக இருக்கிறது.

கதை எங்கே போகிறதென்று எனக்கு விளங்கிவிட்டது. நிறுத்த வழியில்லை. கிருத்தி அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குஞ்சு நீந்திப்போய்த் தாயின் முன்னால் நின்றது. வாயைத் திறந்து சொன்னது. எனக்கு அறை வேண்டாம், வீடு வேண்டாம், நீதான் வேண்டும் என்று.

"என்ன சொல்லுது மாமா?"

"குஞ்சு சொல்லுது..." என்றேன். "அம்மா, நீங்க ஆறுதலாக் கட்டுங்க. நான் நல்ல புள்ளையா இருக்கிறன் எண்டு சொல்லுது."

ஆனால் படம் நான் சொன்னதைக் கேட்கவில்லை. தாய் வாயில் கவ்விய மரத்தைத் தண்ணீரில் போட்டாள். ஓடிவந்து குஞ்சைக் கட்டிப்பிடித்தாள்.

"மறுகா ஏன் அவ மரத்தைப் போட்டுட்டு வாறா?" என்று கேட்டாள் கிருத்தி.

நான் வாயைத் திறக்கமுதல் பின்னால் கதிரை இழுபட்டது. ஆரணி வந்து என் தோளுக்கு மேலால் குனிந்தாள். அவளாக மச்சாள் கிருத்தியோடு கதைத்தது மாதக்கணக்கில் இல்லை.

"அப்பா, அது அப்பிடிச் சொல்லேல்லை. நீ வேற சொல்லுற." பிறகு தொலைபேசியைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகத் தேடிச் சொன்னாள். "கிருத்தி, அது சொல்லுது, எனக்கு வேண்டாம் வீடு. எனக்கு வேணும் அம்மா. அதான் அவ போட்டவ மரத்தை."

மச்சான் ரியூப்பைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு நிமிர்ந்தார். நான் ஆரணியைப் பார்த்து முறைத்தேன். அவள் திருப்பி முறைத்தாள். பொய் சொன்னது நான். அந்தக் குளத்தில் வளர்ந்த பிள்ளை அவள், அவளுக்கு நான் என்னத்தைச் சொல்ல?

கிருத்தி அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கேள்விதான் கேட்டாள்.

"வீட்டக் கட்டாம விட்டா, மழைக்கு எங்க இருக்கிற?"

அதற்குப் படத்தில் பதில் இல்லை. குளத்தில் வெயில் சாய்ந்து, முடிவுப் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. மாரி மழையில் எங்கள் பக்கம் வெள்ளம் வந்து தகரக் கொட்டிலுக்குள் கட்டிலின் கால் மறைவது அந்தக் கதையை எழுதினவருக்குத் தெரியாது. ஆரணிக்கும் தெரியாது. ஆனால் அவள் கேள்வியை மதித்து யோசித்தாள்.

"அவைக்கு முதலே இருக்குது ஒரு வீடு" என்றாள். "அவ கட்டினது கூடுதலா அறைகள்."

"ஓ" என்றாள் கிருத்தி. "அப்ப சரி. எங்களுக்கு முதல் வீடு இல்லை."

5

நல்ல கதைதான். யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் புத்தியில் ஒரு பிழையும் இல்லை. கூரைக்குக் கீழே இருந்து கேட்டால் அழகாகத்தான் இருக்கிறது. அறநெறி வகுப்பில் சொல்வதும் சரிதான். இரண்டு சரிக்கும் நடுவில் ஒரு ஏழு வயதுப் பிள்ளை சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறது. இதை எந்த மொழியில் மாற்றிச் சொன்னாலும் எனக்கு ஆறவில்லை.

அந்தக் கிழமை முழுக்க விரிப்புகளைப் பிழையாக மடித்தேன். மலர் எடுப்பாள், பிள்ளைக்கு என்ன படம் காட்டினீர்கள் என்று கிழிப்பாள் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

6

வெள்ளிக்கிழமை எடுத்தாள். எனக்கு மத்தியான இடைவேளை. அங்கே வீட்டார் வெளியே போயிருந்தார்கள், அவள் பராமரிக்கிற அந்த வீட்டுச் சின்னப் பையன் நித்திரை. மெல்லிய குரலில் கதைத்தாள்.

"புள்ள எல்லாம் சொன்னவள் அண்ணன். தண்ணி அணில் கதை."

"அது வந்து மலர், நான் மாத்தித்தான் சொன்னன். ஆரணிதான்..."

"எனக்கு அந்தப் படம் தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"இஞ்ச அரபியில போகுது. இவனுக்கு அதெண்டா உசிர். அந்த வீடு கட்டுற கதையைத் திருப்பித் திருப்பிப் போடச் சொல்லுவான். என்ட மடியில இருந்துதான் பாப்பான். குஞ்சு தாயிட்டக் கேக்கிற இடத்தில என்னை இறுக்கிப் பிடிப்பான்."

வேலையிடத்தில் இயந்திரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. மலர்தான் தொடர்ந்தாள்.

"கிருத்தி என்ன சொன்னவள் எண்டு தெரியுமா? அம்மா, கூரையை மட்டும் போட்டுட்டு வாங்க எண்டாள். கதவு வேணாமாம். யன்னலும் வேணாமாம். சாக்குக் கட்டி மறைக்கலாமாம். கூரை மட்டும் காணுமாம்."

சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். நான் தோய்த்த துணிக் குவியலில் சாய்ந்து நின்றேன். இவ்வளவு நாளும் நான் செய்யாத பேரத்தை அந்தப் பிள்ளை செய்திருக்கிறாள். தாயையும் விடாமல், வீட்டையும் விடாமல், கதவைக் கழித்து, யன்னலைக் கழித்து. எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, வந்தது என்றுதான் சொல்லவேண்டும்.

"வந்திடு மலர்" என்றேன். "கூரையை நான் பாக்கிறன். எப்பிடியாவது பாக்கிறன். நீ புள்ளையிட்ட வா."

அழைப்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். அறவில்லை.

"சைன் வெச்சிட்டன் அண்ணன்" என்றாள். "ரெண்டு கிழமையாச்சு."

"ரெண்டு கிழமையா? மறுகா ஏன் கா என்னட்டத் திருப்பித் திருப்பிக் கேட்டாய்?"

"ஆராவது வா எண்டு சொல்லுவீங்களா எண்டு பாத்தன்."

அவள் அழவில்லை. குற்றம் சொல்லவும் இல்லை. சந்தையில் மீன் விலை சொல்கிற குரலில் சொன்னாள். நான் அவளுடைய பெயரைச் சொன்னேன். இன்னொருமுறையும் பெயரையே சொன்னேன்.

அந்த நேரம் அங்கே கதவுக்கு அப்பால் ஒரு சின்னப் பிள்ளையின் குரல் கேட்டது. நித்திரை கலைந்த குரல். அவளைத்தான் கூப்பிட்டது. மலர் தொலைபேசியைக் கொஞ்சம் விலக்கி, நான் ஒருநாளும் கேட்டிராத செல்லத்தோடு அரபியில் ஏதோ பதில் சொன்னாள். எனக்கு அரபி தெரியாது. 'வாறன்' என்றுதான் இருக்கும்.